சாணையும் தீட்டலும்: கடலோரக் காற்றில் பழைய சவரக்கத்தி

சாணை பிடிப்பது வேறு, தீட்டுவது வேறு. சுழலும் வட்டக்கல்லில் எஃகை உரசிக் கத்தியின் உருவத்தையே மாற்றுவது முன்னது. அசையாமல் கிடக்கும் தட்டைக் கல்லின்மேல் அலகைத் தள்ளியும் இழுத்தும், இருக்கும் உருவத்தைக் கலைக்காமல், வாய் எனப்படும் வெட்டு விளிம்பை மட்டும் மெலியச் செய்வது பின்னது. அரிவாள்மனைக்கும் வடசென்னையின் காசிமேட்டில் வஞ்சிரம் துண்டு போடும் கத்திக்கும் சாணையே போதும் என்பதால், மிதிவண்டியில் வட்டக்கல்லைப் பூட்டிக்கொண்டு இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் தெருத்தெருவாக வரும் சாணைக்காரரிடம், வீட்டுக் கத்திகளோடு பாட்டனார் விட்டுச்சென்ற சவரக்கத்தியையும் சேர்த்து நீட்டிவிடுவோர் உண்டு. துருவுக்குத் தப்பிய கத்தியும் சாணைக்குத் தப்பாது என்பதும், பழைய சவரக்கத்தியைச் சீர்செய்வோர் முதலில் அறிய வேண்டியது எவ்வளவு எஃகை எடுக்கலாம் என்பதைவிட எவ்வளவை விட்டுவைக்க வேண்டும் என்பதே என்பதும் இவ்வுரை நிறுவ முயலும் கருத்துகள்.

சவரக்கத்தி என்று இங்குக் குறிக்கப்படுவது பிளேடு மாற்றும் இன்றைய சலூன் கத்தி அன்று. அலகு முழுவதும் ஒரே எஃகுத் துண்டாக அமைந்து, இரண்டு மெல்லிய தகடுகளாலான பிடிக்குள் மடங்கும் மடக்குக் கத்தி. அலகின் மேற்புறத்தில் தடித்து நிற்கும் பகுதி முதுகு எனவும், முதுகுக்கும் வாய்க்கும் இடையே இருபுறமும் குடைந்தெடுக்கப்பட்ட பரப்பு குழிவு எனவும், அலகு பிடியோடு சேரும் பகுதி காம்பு எனவும், காம்புக்கு அப்பால் விரல் தாங்குவதற்காக வளைந்து நீளும் நுனி வால் எனவும் இவ்வுரையில் வழங்கப்படும். கல்லின்மேல் படுக்க வைத்தால் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொடுமாறு அமைத்திருப்பதில்தான் இந்தக் கருவியின் நுட்பம் இருக்கிறது. பிற கத்திகளைத் தீட்டும்போது கோணத்தைக் கைதான் காக்க வேண்டும். இதில் அந்த வேலையை முதுகே செய்துவிடுகிறது. அகலம் 16 மில்லிமீட்டரும் முதுகின் தடிமன் 4.5 மில்லிமீட்டரும் உள்ள கத்தியில், இரு சரிவுகளும் வாயில் கூடும் கோணம் ஏறத்தாழ 16 பாகை. ஆண்டுக்கணக்கில் தீட்டும்போது வாய் தேயத் தேய முதுகும் கூடவே தேய்வதால், அகலம் குறைந்தாலும் கோணம் அவ்வளவாக மாறுவதில்லை. சாணையிலோ வாய் மட்டும் தேய்கிறது, முதுகு அப்படியே நிற்கிறது. அகலத்தில் 3 மில்லிமீட்டர் போனால் அதே கத்தியின் கோணம் 20 பாகையைத் தொட்டுவிடுகிறது. எண்ணாகப் பார்த்தால் நான்கு பாகை சிறியதுதான். ஆயினும் மயிரைப் பிடித்து இழுக்கும் கத்திக்கும் கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போகும் கத்திக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு அந்த நான்கு பாகைக்கு உண்டு.

சாணையின் இரண்டாவது கேடு சூடு. சவரக்கத்திக்குரிய எஃகு நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டியோ சற்று மிகுந்தோ கரி கலந்தது. செந்தழலாகக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்துக் கடினமாக்கிய பின், உடையாமல் இருப்பதற்காக 150 முதல் 200 பாகை செல்சியஸ் வரையிலான மென்சூட்டில் வைத்து அதன் முரட்டுத்தன்மை தணிக்கப்படுகிறது. கொல்லர்கள் பதம் என்று சொல்வது இந்த நிலையைத்தான். அலகு முழுவதும் ஒரே தடிமனாக இருந்தால் சூடு பரவிக் கரைந்துவிடும். குழிவு ஆழமாகக் குடைந்த கத்தியிலோ வாயை அடுத்த பகுதி காகிதம்போல் மெலிந்திருப்பதால், மோட்டாரில் ஓடும் உலர்ந்த கல்லை ஒரு நொடி தொட்டாலும் சூடு போக வழியின்றி அங்கேயே தங்கிவிடுகிறது. எஃகின் மேல் முதலில் வைக்கோல் நிறமும், 300 பாகையை நெருங்கும்போது நீலமும் பூக்கின்றன. நீலம் பூத்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். அதன் பிறகு எந்தக் கல்லில் எவ்வளவு தீட்டினாலும் அந்த வாய் கூர்மையை வைத்துக்கொள்ளாது.

இதனால் சாணைத் தொழிலைத் தாழ்த்துவதாகக் கொள்ளலாகாது. பழைய நாட்டுச் சாணை இந்தக் கேட்டை ஓரளவு தானே தடுத்துக்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது. அலுமினியம் ஆக்சைடின் படிகமாகிய குருந்தக்கல், கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் வைரத்துக்கு அடுத்த படியான 9இல் நிற்பது. பழைய சேலம் மாவட்டத்தில் சித்தம்பூண்டி முதலிய இடங்களில் கிடைத்த இதைப் பொடித்துச் சலித்து, உருக்கிய அரக்கோடு பிசைந்து, வட்டமாக வார்த்ததே நாட்டுச் சாணைக்கல். அச்சில் சுற்றிய வாரை ஒருவர் முன்னும் பின்னுமாக இழுக்க, சக்கரம் இப்புறமும் அப்புறமுமாக மாறி மாறிச் சுழல, எதிரே அமர்ந்தவர் அலகைப் பிடித்திருப்பார். அரக்கு 80 பாகை செல்சியசை நெருங்கும்போதே இளகிவிடும் பொருளாதலால், எஃகு கெடும் அளவுக்குச் சூடு ஏறும் முன்பே கல் கெட்டுவிடும். கல்லைக் காக்க வேண்டிய சாணைக்காரர் கத்தியையும் சேர்த்துக் காத்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்டு 1898இல் குருந்தக்கல்லுக்கென்றே ஒரு தனி நூல் எழுதும் அளவுக்கு அக்கனிமம் அன்று மதிக்கப்பட்டது.  

நிலைமை மாறியது செயற்கை உரசுபொருள்களால். 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின்னுலையில் களிமண்ணையும் கரியையும் சூடாக்கியபோது கிடைத்த சிலிக்கன் கார்பைடு, குருந்தக்கல்லையும் விஞ்சும் கடினம் உடையது. அவர் தொடங்கிய கார்போரண்டம் நிறுவனம் வட்டக்கற்களோடு, சவரக்கத்திக்கென்றே உள்ளங்கை அகலத் தீட்டுக்கற்களையும் விற்றது. அந்த நிறுவனமும், இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் நிறுவனமும், முருகப்பா குழுமமும் சேர்ந்து 1954இல் நிறுவிய கார்போரண்டம் யுனிவர்சலின் ஆலை திருவொற்றியூரில் அமைந்தது. அதே குழுமத்தின் அஜாக்ஸ் தொழிற்சாலையில், மரவேலைக்காரர் முதல் பெயின்டர் வரை அனைவரும் கையாளும் உப்புத்தாள் உருவானது. அஜாக்ஸ் என்ற பெயர் இன்றும் அப்பகுதியின் பேருந்து நிறுத்தத்தில் நிலைத்திருக்கிறது. ஒருபுறம் உப்புத்தாளும் மறுபுறம் விம்கோவின் தீக்குச்சியுமாக, உரசுவதையே திருவொற்றியூர் ஒரு காலத்தில் தொழிலாக வைத்திருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சவரக்கத்தியைப் பொறுத்தவரை, களிமண் கலந்து சுட்ட புதிய வட்டக்கல்லுக்கு அரக்குச் சாணையின் அந்தத் தன்னடக்கம் கிடையாது. எவ்வளவு சூடேறினாலும் அது இளகுவதில்லை. இளகுவது எஃகின் பதம்தான்.

எஃகின் கதையிலும் தமிழகத்துக்கு இடம் உண்டு. மூசையில் உருக்கிய இந்திய எஃகாகிய ஊட்ஸ் பற்றிய ஆய்வை ஜார்ஜ் பியர்சன் 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். அந்த ஆய்வுக்காக அவ்வெஃகை அடித்துப் பார்த்த கத்தித் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், பிற்காலத்தில் தம் கடையின் சவரக்கத்திகள் ஊட்ஸ் எஃகால் ஆனவை என்றே விளம்பரம் செய்தார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கலப்பு எஃகு ஆய்வுகளில் ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி சேர்ந்த எஃகு பாராட்டப்பட்டதும், ஷெஃபீல்டு நகரத்துச் சவரக்கத்திகளில் 'சில்வர் ஸ்டீல்' என்ற பொறிப்பு பெருகியது. பொறிப்பு பெருகிய அளவுக்கு வெள்ளி பெருகியதாகக் கொள்ள வேண்டியதில்லை. பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டளவில் இரும்பாலை தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜோசையா மார்ஷல் ஹீத், பின்னர் இங்கிலாந்து திரும்பி, மூசை எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். மலிவான இரும்பிலிருந்தும் நல்ல கத்தி எஃகு செய்ய ஷெஃபீல்டுக்கு அம்முறை வழிகாட்டியது. ஆகவே சென்னைத் துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக வந்திறங்கிய ஆங்கிலச் சவரக்கத்தியை முற்றிலும் அந்நியப் பொருள் என்று சொல்லிவிட முடியாது. காம்பில் மகுடத்தோடு வி.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் அது 1837க்கும் 1901க்கும் இடைப்பட்ட விக்டோரியா காலத்தது. சோலிங்கன் என்ற ஊர்ப்பெயர் ஜெர்மானியக் கத்தியைக் காட்டும். அப்பெயரைப் பிற ஊரார் பொறிக்கக் கூடாதென 1938இல் அந்நாட்டில் சட்டமே வந்தது. உப்புத்தாளை எடுப்பவர் முதலில் தள்ளி வைக்க வேண்டிய இடம் இந்தப் பொறிப்புகள் உள்ள காம்புதான். தேய்த்துப் பளபளப்பாக்கிய காம்பில் கத்தியின் வயதும் ஊரும் சேர்ந்தே அழிந்துபோகின்றன.

இக்கத்திகள் நாவிதரின் அடைப்பத்தில், அதாவது கத்தி, கத்தரி, கிண்ணம், தீட்டுக்கல், தோல்வார் ஆகியவற்றைச் சுருட்டி வைக்கும் தொழிற்பையில், பல தலைமுறைகள் இருந்தன. புண்ணறுத்துக் கட்டுவதும் அச்சமூகத்துப் பெண்கள் பேறு பார்ப்பதும் அத்தொழிலோடு சேர்ந்தே வந்தவை. கூர்மை பற்றி இந்த மண்ணில் திரண்ட அறிவில் பெரும்பகுதி அவர்களுடையது, அதற்குக் கிடைத்த மதிப்போ மிகக் குறைவு. ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற இருவாய்ப் பிளேடு வீட்டுச் சவரத்தை மாற்றியபோதும், சலூன்களில் தீட்டும் கத்தியே நீடித்தது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்ட பின்னர், ஆளுக்கொரு பிளேடு என்ற வழக்கம் பரவி, தீட்டும் கத்தி சலூனை விட்டு வெளியேறியது. அது சரியான முடிவு. எஃகின் அழகுக்காக அதை மாற்றக் கேட்பதற்கு இடமில்லை. சீர்செய்த கத்தி ஒருவர் தமக்கு மட்டுமே பயன்படுத்தும் சொந்தக் கருவியாக மட்டுமே இருக்கத் தக்கது. வெளியேறிய கத்திகள் காயலான் கடைகளிலும் வீட்டுப் பரண்களிலும் போய்ச் சேர்ந்தன.

அங்கே அவற்றைப் பிடித்துக்கொண்டது கடற்காற்று. எண்ணூரிலிருந்து இராயபுரம் வரை வீசும் காற்றில் கலந்த உப்பு, எஃகின்மேல் ஈரத்தைப் பிடித்து வைப்பதோடு, அதிலுள்ள குளோரைடு ஒரு புள்ளியில் நுழைந்தால் அங்கேயே ஆழமாக அரித்துக்கொண்டு போகும் இயல்புடையது. மேலே பரவிய செந்துரு துடைத்தால் போய்விடும். அதன் அடியில் ஊசிமுனை அளவில் இருக்கும் குழிதான் ஆபத்தானது. குழி முதுகருகே இருந்தால் அது வெறும் தழும்பு, விட்டுவிடலாம். வாயை ஒட்டி இருந்தால், இன்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், தீட்டத் தீட்ட விளிம்பு உள்ளே நகர்ந்து அந்தக் குழியை எட்டும் நாளில் கத்தி பல் விட்டுவிடும். எனவே வேலை தொடங்கும் முன் உருப்பெருக்கிக் கண்ணாடியில் வாயோரம் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குத் தேடிப் பார்ப்பது மற்ற எல்லாவற்றிலும் முதன்மையானது. பித்தளைப் பாத்திரம் துலக்கிய பழக்கத்தில் துருப்பிடித்த கத்தியைப் புளிக்கரைசலில் ஊறவைப்போர் உண்டு; புளியின் அமிலம் துருவை மட்டும் தின்றுவிட்டு நின்றுவிடுவதில்லை, நல்ல எஃகையும் கறுக்க அரித்து, குழிகளுக்குள் தங்கி மறுநாளே புதிய துருவை அழைக்கிறது. மண்ணெண்ணெயில் ஓரிரு நாள் ஊறவைத்து, மூங்கில் சீவலால் சுரண்டி, 600ஆம் எண் வாட்டர் பேப்பரை எண்ணெயில் நனைத்துத் தொடங்கி 2000 வரை படிப்படியாக மென்மைக்குப் போவதே தக்க முறை. வாட்டர் பேப்பர் என்பது நனைத்தாலும் பிரியாத உப்புத்தாள். விரலால் நேராக அழுத்தினால் வாயில் விரல் போய்விடும் என்பதால், தாளைத் தக்கைத் துண்டில் சுற்றி, முதுகிலிருந்து வாயை நோக்கி ஒரே திசையில், வாயைத் தாண்டாமல் தேய்க்க வேண்டும். கருமையான பழைய மேற்பூச்சு எஃகின்மேல் அமைதியாகப் படிந்திருந்தால் அதை அப்படியே விடுவது நல்லது. கண்ணாடிபோல் மினுக்க வேண்டும் என்ற ஆசை, கத்தியின் கடைசி மெல்லிய பரப்பையும் தின்றுவிடும்.

பிடியைக் கழற்றுவது எல்லாக் கத்திக்கும் தேவைப்படுவதில்லை. ஆணியைச் சுற்றிய இடுக்கில் துரு ஏறியிருந்தால் மட்டும், பித்தளை ஆணியின் தலையை அரத்தால் தேய்த்துத் தட்டி எடுத்து, பின்னர் 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியால் புதிய ஆணி அடித்துக்கொள்ளலாம். எருமைக்கொம்புப் பிடி காய்ந்திருந்தால் எண்ணெய் தடவினால் பெரும்பாலும் மீண்டுவிடும். யானைத்தந்தப் பிடியை வாங்குவதும் விற்பதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதைப் பழம்பொருள் விரும்பிகள் மறந்துவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது, தந்தம்போலவும் ஆமையோடுபோலவும் தோன்றுமாறு செய்த செல்லுலாய்டு பிடி. பருத்தியும் நைட்ரிக் அமிலமும் கற்பூரமும் சேர்ந்து உருவான இப்பழைய பிளாஸ்டிக், வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில் மெல்ல மெல்லச் சிதைந்து அமில ஆவியை வெளிவிடுகிறது. மடக்கி வைத்த நிலையில் பிடிக்குள் இருந்த பகுதி மட்டும் மோசமாக அரித்திருக்கும் கத்திகளில் குற்றவாளி பெரும்பாலும் இதுவே. சிதையத் தொடங்கிய பிடியை அகற்றி, பிற கத்திகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அது எளிதில் தீப்பற்றும் பொருளும்கூட.

இனித் தீட்டல். தீட்டுக்கல் தட்டையாக இல்லையெனில் பிற அனைத்தும் வீண் என்பதால், தடித்த கண்ணாடிப் பலகையில் வாட்டர் பேப்பரை ஒட்டி, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டங்கள் வரைந்து, கோடுகள் ஒன்று விடாமல் அழியும் வரை கல்லையே முதலில் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். கற்களை அவற்றிலுள்ள துகளின் நுண்மையைக் குறிக்கும் எண்ணால் வகைப்படுத்துவர். எண் கூடக் கூடத் துகள் சிறுக்கும். 1000ஆம் எண் கல்லில் வாயின் இரு சரிவுகளையும் ஒழுங்குபடுத்திய பின், 4000, 8000 எனப் போய், 12000ஆம் எண் செயற்கைக் கல்லிலோ, நுண்ணிய கார்னெட் படிகங்கள் செறிந்த பெல்ஜியத்து மஞ்சள் கல்லிலோ முடிப்பது வழக்கம். இவற்றுள் வேலையின் உயிர் 1000இல் இருக்கிறது. சரிவின்மேல் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு, அலகைப் படுக்க வைத்து, எடையைத் தவிர வேறு அழுத்தம் இல்லாமல், வாய் முன்செல்லுமாறு ஒரேயொரு முறை தள்ளிப் பார்த்தால், கல் எங்கே தொடுகிறது என்பதை மை காட்டிவிடும். மை வாயோரத்தில் எஞ்சியிருந்தால் கல் இன்னும் விளிம்பை எட்டவில்லை. நடுவில் மட்டும் எஞ்சியிருந்தால் அங்கே வாய் உள்வாங்கிப் போயிருக்கிறது. நுனியில் மட்டும் அழிந்திருந்தால் அலகு கோணியிருக்கலாம், அல்லது கை சாய்ந்திருக்கலாம். இந்த மை முழு நீளத்துக்கும் ஒரே சீராக அழியும் வரை 4000ஆம் எண் கல்லைத் தொடுவதில் பொருளில்லை. அவசரப்பட்டு மேலே போனவர்கள் மழுங்கிய வாயைத்தான் மினுக்கியிருப்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் மாற்றும்போது அலகை வாயின் மேல் புரட்டாமல் முதுகின் மேல் புரட்ட வேண்டும் என்பது பழைய விதி. பிசிறு, அதாவது விளிம்பில் சுருண்டு நிற்கும் மெல்லிய எஃகு நார், ஒரு பக்கமாகத் திரளாமல் இருக்க இருபுறமும் தள்ளல்கள் சம எண்ணிக்கையில் அமைய வேண்டும்.

எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் டூல் கிரைண்டராகவும் பிட்டராகவும் பணியாற்றியவர்களுக்கு இந்த மைச் சோதனை புதிதாகத் தோன்றாது. இரண்டு பரப்புகள் எங்கே ஒட்டுகின்றன என்று பார்க்க நீல மை பூசி உரசிப் பார்ப்பது பட்டறையில் அன்றாட வேலை. சவரக்கத்தியைச் சீர்செய்யும் திறன் இந்தப் பகுதியில் எங்கேனும் மீள முளைக்கும் எனில், அது அழகுநிலையங்களைவிட ஓய்வு பெற்ற பிட்டர்களின் வீட்டுத் திண்ணையில் முளைக்கவே வாய்ப்பு அதிகம்.

கல்லில் முடிந்த கத்தி, தோல்வாரில்தான் முகத்துக்கு ஏற்றதாகிறது. வாரின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி மறுமுனையைத் தொய்வின்றி இழுத்துப் பிடித்து, கல்லில் செய்ததற்கு நேர்மாறாக, முதுகு முன்செல்லுமாறு இழுப்பதே முறை; வாய் முன்சென்றால் தோலையும் வெட்டும், வாயையும் கெடுக்கும். முதலில் பருத்தித் துணிப் பட்டையில் 20 முறையும் பின்னர்த் தோலில் 50 முறையும் போதுமானது. வார் தொய்ந்தால் தோல் விளிம்பைச் சுற்றி வளைந்து அதை உருட்டிவிடும் என்பதால், வலிந்து அழுத்துவோரின் கையில் நல்ல வாரும் கெட்ட கருவியாகிறது. அரை மைக்ரான் அளவான குரோமியம் ஆக்சைடு பச்சைப் பசையைத் தனித் துணிப்பட்டையில் தடவி வைத்துக்கொண்டால், கல்லுக்குத் திரும்பும் தேவை பல மாதங்கள் தள்ளிப்போகும். நாள்தோறும் பயன்படும் தோலில் அதைத் தடவுவது தேவையற்ற தேய்மானம்.

எல்லாக் கத்தியும் மீட்கத்தக்கது அன்று. வாயிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை அளவில் விரிசல் ஓடியிருந்தால், எவ்வளவு புகழ்பெற்ற பொறிப்பு இருந்தாலும், அதை முகத்தில் வைக்கலாகாது. அத்தகைய கத்திக்குத் துருவை நிறுத்தி, எண்ணெய் பூசி, பார்வைப் பொருளாக வைப்பதே ஏற்றது. அகலத்தில் பாதியை இழந்தவையும், வாயோரம் நீலம் பூத்தவையும் அப்படியே. மீட்ட கத்தியை இராயபுரம் போன்ற கடலோரப் பகுதியில் குளியலறையில் வைப்பது செய்த வேலையைத் தானே அழிப்பதாகும். சவரம் முடிந்ததும் நல்ல நீரில் அலசி, துணியால் துடைத்து, உலர்ந்த தோல்வாரில் ஐந்தாறு முறை இழுத்து விளிம்பின் ஈரத்தைப் போக்கி, தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு விரலில் எடுத்து, ஆணியின் இடுக்கு உட்பட அலகு முழுவதும் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளானால் சிக்குப்பிடித்துப் புளித்துப்போவதால் இதற்கு உகந்ததன்று. பிறகு இரண்டு மணி நேரமாவது திறந்தபடி உலரவிட்ட பின்பே பிடிக்குள் மடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்த நேரத்தை ஒரு முழுநாளாக நீட்டிக்கொள்ளலாம்.